மரபியல் புராஜெக்ட் தேர்ந்தெடுப்பது எப்படி? உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மரபியலில் ஒரு புராஜெக்ட் செய்யச் சொன்னதும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய தலைப்போடு வந்து நிற்பார்கள். குளோனிங், மரபணுத் திருத்தம், புற்றுநோய், அரிவாள் செல் சோகை. எல்லாமே நல்ல தலைப்புகள்தான். ஆனால் தலைப்பு வேறு, புராஜெக்ட் வேறு. அப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "சரி, இதில் நீ எதை எண்ணப் போகிறாய்?"

பதில் உடனே வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வரவில்லை என்றால் அந்தத் தலைப்பு இணையத்தில் படித்ததைச் சுருக்கி அட்டையில் ஒட்டும் வேலையாகத்தான் முடியும்.

மரபியல் பிறந்ததே எண்ணிக்கையில்தான். மெண்டலுக்கு முன்பும் பலர் செடிகளைக் கலந்து பார்த்திருக்கிறார்கள். மெண்டல் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளோடு உட்கார்ந்து, இரண்டாம் தலைமுறையில் எது எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணினார். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. வகுத்துப் பார்த்தால் 2.96. பாடப் புத்தகத்தில் நாம் படிக்கிற 3:1 இப்படிப்பட்ட எண்களிலிருந்து வந்ததுதான். உங்கள் புராஜெக்ட்டும் அங்கிருந்தே தொடங்கட்டும்.

படி 1: கையில் எத்தனை நாள் இருக்கிறது?

தலைப்பைத் தேடுவதற்கு முன் காலண்டரை எடுங்கள். ஒப்படைக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அறிக்கை எழுதவும் வரைபடம் போடவும் ஒரு வாரம். ஏதாவது கெட்டுப்போனால் திரும்பச் செய்ய ஒரு வாரம். அனுமதி வாங்கவும் பொருள்கள் வந்து சேரவும் இன்னொரு வாரம். மீதி இருப்பதுதான் சோதனைக்கான நாள்கள். இந்தக் கழித்தலை முதலிலேயே செய்தவர்கள் கடைசி வாரத்தில் அழுததை நான் பார்த்ததில்லை.

மீதி ஒரு வாரம்தான் என்றால், உயிருள்ள எதையும் வளர்க்க முயல வேண்டாம். தயாராக இருக்கும் மக்காச்சோளக் கதிர், கணினியில் கிடைக்கும் புரத வரிசை, வரலாற்றில் பதிவான குடும்ப வம்சாவளி, இவற்றுக்குள் ஒன்றை எடுங்கள். இரண்டு மூன்று வாரம் இருந்தால் முளைவிட்ட நாற்றுகளை எண்ணலாம், பழ ஈயில் ஒரு தலைமுறை பார்க்கலாம். ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் பழ ஈயில் இரண்டு தலைமுறை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய விரைவு வளர்ச்சிக் கடுகுச் செடி வகை சுமார் 40 நாளில் விதையிலிருந்து விதை வரை வந்துவிடும். அதையும் யோசிக்கலாம்.

ஆசிரியர் கொடுத்த குறிப்புத்தாளையும் இப்போதே வரி வரியாகப் படியுங்கள். "சோதனை" கேட்கிறாரா, "மாதிரி" போதுமா, குழுவா தனியா என்பதைப் பொறுத்துத் தேர்வே மாறிவிடும்.

படி 2: எதை எண்ணுவது?

என் முதல் பரிந்துரை எப்போதும் மக்காச்சோளம். ஏன் என்று சொல்கிறேன். ஒரு கதிரில் உள்ள ஒவ்வொரு மணியும் தனித்தனிக் கருவுறுதலில் உண்டானது, அதாவது தனித்தனிப் பிள்ளை. ஒரு கதிரைக் கையில் எடுத்தால் சில நூறு உடன்பிறப்புகளை ஒரே நேரத்தில் பிடித்திருக்கிறீர்கள். ஊதா மணி, மஞ்சள் மணி 3:1 என்று வரும்படி கலந்த கதிர்களும், நிறத்தோடு உருண்டை, சுருக்கம் சேர்ந்து 9:3:3:1 என்று வரும் கதிர்களும் அறிவியல் கல்விப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். வாங்கி வைத்தால் கெடாது, இறக்காது, பறந்து போகாது.

எண்ணும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். தொடங்கும் வரிசையின் தலையில் ஒரு குண்டூசியைக் குத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையாக, அடியிலிருந்து நுனி வரை போங்கள். குண்டூசி திரும்ப வந்ததும் நிறுத்துங்கள். இரண்டு பேர் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். எண்ணத் தொடங்கியதும் வெளிறிய ஊதா, புள்ளி விழுந்த மணி, பாதி நிறம் என்று தகராறான மணிகள் வரும். அவற்றை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை எண்ணுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். எண்ணி முடித்த பிறகு முடிவு செய்தால், நமக்குத் தெரியாமலேயே விகிதம் சரியாக வரும் பக்கம் கை போகும். புள்ளி மணிகளை அலட்சியம் செய்யவும் வேண்டாம். அப்படிப்பட்ட மணிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பார்பரா மெக்கிளின்டாக் குரோமோசோமில் இடம் மாறும் மரபணுக் கூறுகளைக் கண்டுபிடித்தார். அதற்கு 1983இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அடுத்து நாற்றுகள். பச்சையமே உண்டாகாத வெள்ளை நாற்றுகள் நான்கில் ஒன்று வரும்படியான மக்காச்சோள விதைகளும் புகையிலை விதைகளும் இருக்கின்றன. முளைக்கப்போட்டு எண்ணினால் 3:1. இதோடு நிறுத்தாமல் ஒரு படி மேலே போகலாம். பாதி விதைகளை வெளிச்சத்திலும் பாதியை முழு இருட்டிலும் முளைக்க வையுங்கள். இருட்டில் முளைத்தவை எல்லாமே வெளிறி நிற்கும், எது யார் என்று சொல்ல முடியாது. அப்புறம் அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், பச்சையம் உண்டாக்கும் மரபணு சரியாக இருப்பவை பச்சையாகும், மற்றவை வெள்ளையாகவே நிற்கும். மரபணு இருந்தும் சூழல் இல்லாவிட்டால் பண்பு வெளிப்படாது என்பதை ஒரு தட்டு நாற்றில் கண்ணால் பார்க்கிறீர்கள். நான் பார்த்த எளிய புராஜெக்ட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

பழ ஈ கொஞ்சம் உழைப்பு கேட்கும். 25 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து ஈயாக வர சுமார் 10 நாள். இரண்டு தலைமுறைக்கு நேரம் இல்லை என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வெள்ளைக் கண் பெண் ஈயைச் சிவப்புக் கண் ஆண் ஈயோடு சேருங்கள். முதல் தலைமுறையிலேயே மகள்கள் எல்லாம் சிவப்புக் கண், மகன்கள் எல்லாம் வெள்ளைக் கண். பக்கத்துக் குப்பியில் இதைத் திருப்பி, சிவப்புக் கண் பெண்ணையும் வெள்ளைக் கண் ஆணையும் சேருங்கள். அங்கே எல்லாமே சிவப்பு. தாமஸ் ஹன்ட் மார்கன் 1910இல் ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈயிலிருந்து தொடங்கி, இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமோடு சேர்ந்து போகிறது என்று காட்டினார். அதை இரண்டு குப்பிகளில் இரண்டே வாரத்தில் நீங்களும் காட்டலாம்.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பெண் ஈ ஏற்கெனவே வேறு ஆணோடு சேர்ந்திருந்தால் அந்த விந்தைச் சேமித்து வைத்திருக்கும், உங்கள் கலப்பு மொத்தமும் பாழ். ஆனால் கூட்டிலிருந்து வெளிவந்த முதல் 8 மணி நேரம் வரை பெண் ஈ பொதுவாகச் சேராது. அதனால் காலையில் குப்பியில் இருக்கும் எல்லா ஈக்களையும் வெளியேற்றிவிட்டு, அன்றே 8 மணி நேரத்துக்குள் புதிதாக வந்த பெண்களை மட்டும் எடுங்கள். ஈக்களை மயக்க ஐஸ் போதும். குப்பியைச் சில நிமிடம் ஐஸில் வைத்தால் அசையாமல் விழும். அப்போது குப்பியைப் படுக்க வைத்திருங்கள். நிமிர்த்தி வைத்தால் ஈக்கள் கீழே உள்ள ஈரமான உணவில் விழுந்து ஒட்டிச் செத்துவிடும். ஒரு மாணவி மூன்று வாரம் வளர்த்த ஈக்கள் இப்படி ஒரே காலையில் போனதைப் பார்த்திருக்கிறேன். மாற்றுக் குப்பி ஒன்றைத் தனியாக வைத்திருந்ததால்தான் அவள் தப்பித்தாள்.

பழத்திலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுப்பதைப் பலர் புராஜெக்ட்டாகக் கொண்டுவருகிறார்கள். சோப்பும் உப்பும் குளிர்ந்த ஆல்கஹாலும் சேர்ந்து வெள்ளை இழையாக மிதந்து வருவது அழகான காட்சிதான். ஆனால் அது ஒரு செய்முறை. அதில் பரம்பரை பற்றிய கேள்வி எதுவும் இல்லை. வகுப்பில் செய்து காட்டுங்கள், புராஜெக்ட்டாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: மனிதப் பண்புகள் என்றால் நிதானம்

நாக்கைக் குழல்போல் மடிப்பது, காது மடல் ஒட்டியிருப்பது, கட்டைவிரல் பின்னால் வளைவது. குடும்பத்தில் யார் யாருக்கு இருக்கிறது என்று கேட்டு வம்சாவளி வரைவது காலம் காலமாக வகுப்பறைகளில் நடக்கிறது. இவை ஒரே ஒரு மரபணுவால் வரும் ஓங்கு, ஒடுங்கு பண்புகள் என்று இன்றும் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. நாக்கு மடிப்பது ஓங்கு பண்பு என்று 1940இல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட். 1952இல் 33 ஜோடி ஒத்த இரட்டையர்களைச் சோதித்தபோது 7 ஜோடிகளில் ஒருவரால் மடிக்க முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. ஒரே மரபணுத் தொகுதி உள்ளவர்களே மாறுபட்டால் அது எளிய ஒற்றை மரபணுப் பண்பாக இருக்க முடியாது. காது மடலும் ஒட்டியது, ஒட்டாதது என்று இரண்டாகப் பிரியாமல் இடையில் பல நிலைகளில் இருக்கிறது. பல மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அப்பா அம்மா இருவருக்கும் நாக்கு மடியாது, எனக்கு மட்டும் மடிகிறது, அப்படியென்றால் நான்..." என்று ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. தவறான பாடம் ஒரு பிள்ளையின் மனதில் போட்ட முடிச்சு அது. வகுப்பில் தத்தெடுக்கப்பட்டவர்கள் இருக்கலாம், பெற்றோரில் ஒருவரை இழந்தவர்கள் இருக்கலாம். அதனால் சக மாணவர்களின் பெற்றோர், பிள்ளை ஒப்பீட்டை எடுக்கவே வேண்டாம்.

மனிதப் பண்பில்தான் ஆர்வம் என்றால் கேள்வியை மாற்றுங்கள். நாக்கை மடிக்க முடியாதவர்களில் எத்தனை பேர் மூன்று வாரப் பயிற்சியில் கற்றுக்கொள்கிறார்கள்? ஒரே ஆளை ஒரு மாதம் கழித்துச் சோதித்தால் அதே பதில் வருகிறதா? பிடிசி தாளின் (சிலருக்கு மட்டும் கசக்கும் வேதிப்பொருள் தடவிய தாள்) கசப்பை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொன்னால் வரைபடத்தில் இரண்டு தனி மேடுகள் தெரிகின்றனவா, அல்லது ஒரே சரிவாகப் போகிறதா? இவற்றில் யாருடைய குடும்பமும் வெளியே வராது. "எளிய பண்பு" என்று சொல்லப்படுவதை நீங்களே சோதித்தும் பார்க்கிறீர்கள்.

வம்சாவளிதான் வரைய வேண்டும் என்றால் வரலாற்றிலிருந்து எடுங்கள். விக்டோரியா அரசியின் சந்ததியில் வந்த ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய், நன்றாகப் பதிவாகியிருக்கிறது. மகன் லியோபோல்டுக்கு நோய் இருந்தது. மகள்கள் ஆலிஸும் பியாட்ரிஸும் தங்களுக்கு நோய் இல்லாமலே அதன் மரபணுவைப் பிள்ளைகளுக்குக் கடத்துபவர்கள். கொள்ளுப்பேரன், ரஷ்ய இளவரசன் அலெக்சிக்கும் நோய் இருந்தது. ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளில் எடுத்த டிஎன்ஏ மூலம் அது ஹீமோஃபீலியா பி வகை என்று 2009இல் உறுதியானது. கடத்தும் தாய்களின் மகன்களை மட்டும் தனியாக எண்ணி, எதிர்பார்க்கும் பாதிக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பார்த்தால் அங்கேயும் ஓர் எண் கிடைத்துவிடும். அலெக்சியைப் போல நோய் வந்த மகன் மூலமாகத்தான் சில தாய்கள் கடத்துபவர்கள் என்றே தெரிய வந்தது. அந்த மகனையும் கணக்கில் சேர்த்தால் விகிதம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமே, இதை எப்படிச் சரிசெய்வது என்ற கேள்வியையும் அறிக்கையில் எழுதுங்கள். நல்ல நடுவர் அதைத்தான் கேட்பார்.

படி 4: ஆய்வகமே இல்லை என்றால்

கணினி ஒன்று போதும். அமெரிக்காவின் என்சிபிஐ தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான உயிரினங்களின் மரபணு, புரத வரிசைகள் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்கின்றன. செல்லின் மூச்சுக்குத் தேவையான சைட்டோகுரோம் சி என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதரில் அது 104 அமினோ அமிலம் நீளம். சிம்பன்சியில் ஒன்றுகூட மாறவில்லை. ரீசஸ் குரங்கில் ஒரே ஒரு மாற்றம். பத்து உயிரினங்களை எடுத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை வித்தியாசம் என்று எண்ணி, அட்டவணை போட்டு, உறவு மரம் வரையுங்கள். இதுவரை பலரும் செய்திருப்பார்கள். உங்கள் புராஜெக்ட் இதற்கு அடுத்துத் தொடங்கட்டும்: ஹீமோகுளோபினை வைத்து வரைந்த மரமும் இதுவும் ஒத்துப்போகின்றனவா? எங்கே மாறுகிறது, ஏன்?

வெளியே சுற்றப் பிடித்தவர்களுக்குப் பூனை. செம்மஞ்சள் நிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் ஆண்களில் எத்தனை பங்கு செம்மஞ்சளோ அதுவே அந்தக் கூட்டத்தில் அந்த அல்லீலின் (மரபணுவின் அந்த வடிவத்தின்) பங்கு. 100 ஆண்களில் 20 செம்மஞ்சள் என்றால் 0.2. அப்படியானால் ஹார்டி, வைன்பெர்க் இருவரும் 1908இல் தனித்தனியே சொன்ன விதிப்படி எக்ஸ் இரண்டு உள்ள பெண் பூனைகளில் 4 சதவீதம் (0.2 × 0.2) முழுச் செம்மஞ்சளாகவும், 32 சதவீதம் (2 × 0.2 × 0.8) கருப்பும் செம்மஞ்சளும் கலந்தும், 64 சதவீதம் (0.8 × 0.8) செம்மஞ்சள் இல்லாமலும் இருக்க வேண்டும். இதில் சிக்கல் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பதுதான். தெருப் பூனையைத் துரத்தாதீர்கள், கடி வாங்க வேண்டிவரும். விலங்குக் காப்பகப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி எண்ணுங்கள்.

படி 5: எத்தனை எண்ணினால் போதும்?

மதிப்பெண் அதிகம் போகும் இடம் இதுதான், அதனால் ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். உங்கள் கதிரில் 412 மணிகள், 318 ஊதா, 94 மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். 3:1 என்றால் எதிர்பார்ப்பது 309, 103. வித்தியாசம் இரண்டு பக்கமும் 9. இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதானா என்று பார்க்கும் கை ஸ்கொயர் சோதனையில் வித்தியாசத்தின் வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்ட வேண்டும். 81 வகுத்தல் 309, 0.26. 81 வகுத்தல் 103, 0.79. கூட்டினால் 1.05. இரண்டு வகைகள் இருக்கும்போது, தற்செயல் என்று ஏற்கக்கூடிய எல்லை 3.84. அதற்குள் இருப்பதால் 3:1 என்ற கருதுகோளைத் தள்ள வேண்டியதில்லை. இதே எண்களை 1:1 என்ற கருதுகோளோடு போட்டுப் பாருங்கள். விடை 120ஐத் தாண்டும். அதாவது 1:1 நிச்சயமாக இல்லை.

சரி, வெறும் 12 மணிகளை எண்ணி 7 ஊதா, 5 மஞ்சள் வந்தால்? 3:1க்கு விடை 1.78, எல்லைக்குள். 1:1க்கு விடை 0.33, அதுவும் எல்லைக்குள். இரண்டு கருதுகோளும் தேறிவிட்டன, அப்படியென்றால் அந்த 12 மணிகளால் நீங்கள் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. அறிக்கையில் "3:1 உறுதியானது" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 3:1க்குக் குறைந்தது 100, 9:3:3:1க்கு 200க்கு மேல் என்று நான் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான். 9:3:3:1இல் கடைசி வகை 16இல் ஒன்றுதான் என்பதால் அதற்குப் போதுமான எண்ணிக்கை வர வேண்டும். நான்கு வகைகளுக்கு எல்லை 7.815.

அவ்வளவு எண்ணிக்கை கிடைக்காது என்று தெரிந்தால் தலைப்பை இப்போதே மாற்றிவிடுங்கள்.

படி 6: அனுமதி

மனிதர்களிடம் கருத்தோ அளவோ எடுப்பதாக இருந்தால் அவர்களின் சம்மதம் வேண்டும், அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். பெயர் எழுதாமல் எண் கொடுங்கள். பல அறிவியல் போட்டிகளில் இந்த அனுமதி சோதனை தொடங்குவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். பிறகு வாங்கிய கையெழுத்து செல்லாது. ரத்த வகை பார்ப்பதற்காக விரலைக் குத்தும் வேலை வேண்டவே வேண்டாம், செயற்கை ரத்தத் தொகுப்புகள் இருக்கின்றன. பாக்டீரியாவை வீட்டில் வளர்க்கக் கூடாது. ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே.

படி 7: ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு முறை ஒத்திகை

ஒரே ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். கேள்வி ஒரே வாக்கியத்தில். எதிர்பார்க்கும் விகிதம் எண்ணாக, புன்னட் கட்டத்தோடு. எத்தனை எண்ணப் போகிறீர்கள். எந்த விடை வந்தால் உங்கள் கருதுகோள் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள். இந்த நான்காவதை எழுத முடியாமல் பேனா நின்றால் கேள்வி இன்னும் கூர்மையாகவில்லை என்று அர்த்தம். "மரபணுக்கள் பண்புகளை எப்படித் தீர்மானிக்கின்றன?" என்ற கேள்விக்கு எந்த விடையும் தவறாகாது, அதனால் அதைச் சோதிக்கவும் முடியாது. "இருட்டில் முளைத்த நாற்றுகளை 3 நாள் வெளிச்சத்தில் வைத்தால் பச்சை, வெள்ளை விகிதம், வெளிச்சத்திலேயே முளைத்தவற்றின் விகிதத்தோடு ஒத்துப்போகுமா?" என்றால் விடை ஆம் என்றோ இல்லை என்றோ வந்துதான் ஆக வேண்டும்.

தாளை ஆசிரியரிடம் காட்டிய அன்றே சின்ன ஒத்திகை ஒன்று பாருங்கள். பத்து விதை, அல்லது ஒரு கதிரின் இரண்டு வரிசை, அல்லது இரண்டு புரத வரிசை. முளைக்காத விதை, அடையாளம் காண முடியாத நிறம், திறக்காத கோப்பு எல்லாம் இந்தப் பத்திலேயே தெரிந்துவிடும். ஒத்திகையின் எண்களைத் தனிப் பக்கத்தில், தேதி போட்டு, பேனாவில் எழுதுங்கள். தவறினால் அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள். முதன்மைச் சோதனையின் எண்களோடு அவற்றைக் கலக்க வேண்டாம். அடுத்த நாள் காலையில் மீதி விதைகளை ஊறப்போடலாம்.